செய்திக்கு யார் பணம் தருகிறார்கள்?

கேள்வி: நாளிதழ் ஒன்றின் டெஸ்கில் (நிருபர் தரும் செய்தியைத் திருத்தித் தலைப்புப் போடும் பிரிவில்) 17 ஆண்டுகளாக உதவி ஆசிரியராக இருக்கிறேன். வயது 42. ஆறு மாதத்துக்கு முன்பு அச்சு டெஸ்கையும் இணைய டெஸ்கையும் ஒன்றாக்கிவிட்டார்கள். முன்பு ஒரு பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். இப்போது ஒரு ஷிஃப்ட்டில் இருபது செய்தி ஏற்றச் சொல்கிறார்கள். தலைப்பும் சுருக்கமும் போட்டுத் தர ஏஐ கருவி ஒன்றும் வந்திருக்கிறது. வீடியோ கற்றுக்கொள், எஸ்இஓ (தேடுபொறியில் செய்தியை மேலே வரவைக்கும் உத்தி) கற்றுக்கொள், டேட்டா கற்றுக்கொள் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இதற்கிடையில் ஒரு மக்கள் தொடர்பு நிறுவனம் கூடுதல் சம்பளத்தில் கூப்பிடுகிறது. சொந்தமாக ஒரு மின்னஞ்சல் மடல் தொடங்கலாமா என்ற ஆசையும் இருக்கிறது. நான் போகலாமா, இருக்கலாமா? இருந்தால் எதைக் கற்றுக்கொள்வது? என் தொழிலே முடிந்துவிட்டதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாக் கேள்விகளையும் அதுதான் அழுத்திக்கொண்டிருக்கிறது. உங்கள் தொழில் முடிந்துவிடவில்லை. அந்தத் தொழிலுக்கு இதுவரை சம்பளம் கொடுத்துவந்த ஏற்பாடுதான் பெரும்பாலான இடங்களில் முடிந்துவிட்டது. செய்தி அறைகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, நல்ல உதவி ஆசிரியர்கள்கூட ‘இனி நான் எதற்கும் பயன்பட மாட்டேன்’ என்று பேசுவதைக் கேட்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. நீங்கள் அந்த முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

போவதா இருப்பதா என்று முடிவெடுப்பதற்கு முன் ஒரு விஷயத்தைக் கண்டுபிடியுங்கள். அடுத்த ஐந்து வருடங்களுக்கு உங்கள் நிறுவனம் யாரிடமிருந்து பணம் வாங்கப்போகிறது? விளம்பரதாரரிடமா, வாசகரிடமா, தொழில்நுட்ப நிறுவனங்களிடமா, அரசிடமா, அறக்கட்டளையிடமா? இதற்குப் பதில் தெரிந்தால் உங்களிடம் என்ன வேலை கேட்பார்கள், எதைக் கற்றுக்கொண்டால் பயன், உங்கள் நாற்காலி எவ்வளவு நாள் ஆடாமல் நிற்கும் என்பதெல்லாம் ஓரளவு தெரிந்துவிடும்.

ஏன் இதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று சொல்கிறேன். அச்சு நாளிதழ் நன்றாக ஓடிய காலத்திலும் வாசகர் கொடுத்த விலையில் செய்தி அறை நடக்கவில்லை. சம்பளம் விளம்பரத்திலிருந்து வந்தது. அதிலும் ஆள் தேவை, வீடு வாடகைக்கு, பழைய வண்டி விற்பனைக்கு என்று பொடி எழுத்தில் வரும் வரி விளம்பரங்கள் வருடம் முழுக்க நிற்காமல் வரும் வருமானம். நாளிதழ் ஒரு கூட்டுக் குடும்பம் மாதிரி இருந்தது. வரி விளம்பரம் சம்பாதித்துக் கொண்டுவந்ததில், காசு எதுவும் கொண்டுவராத நீதிமன்றச் செய்தியும் புலனாய்வும் வெளிநாட்டுச் செய்தியும் பிழைத்தன. இணையம் வந்ததும் சம்பாதிக்கிற பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள்.

கிரெய்க் நியூமார்க் என்பவர் 1995இல் சான்பிரான்சிஸ்கோவில் தெரிந்தவர்களுக்கு அனுப்ப ஆரம்பித்த ஒரு மின்னஞ்சல் பட்டியல்தான் பிறகு கிரெய்க்ஸ்லிஸ்ட் ஆனது. அங்கே பெரும்பாலான விளம்பரங்கள் இலவசம். 2000 முதல் 2007 வரை அமெரிக்காவில் வரி விளம்பரம் கொடுப்பவர்களுக்கு இதனால் மிச்சமான தொகை 500 கோடி டாலர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவர்களுக்கு மிச்சம் என்றால் நாளிதழ்களுக்கு நஷ்டம். 2005 வாக்கில் சுமார் 4,900 கோடி டாலராக இருந்த அமெரிக்க நாளிதழ்களின் விளம்பர வருமானம் 2020இல் 1,000 கோடி டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த வருடம்தான் முதல்முறையாக அங்கே விளம்பரத்தைவிட விற்பனையும் சந்தாவும் அதிகம் ஈட்டின.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, நிருபர் மோசமாக எழுதியதாலோ டெஸ்க் மோசமாகத் திருத்தியதாலோ அந்தப் பணம் போகவில்லை என்பதைத்தான். இன்னொரு உதாரணமும் இதையே சொல்கிறது. வியன்னாவில் 1703இல் தொடங்கிய ‘வீனர் ட்சைட்டுங்’ என்ற நாளிதழ் 320 ஆண்டுகள் கழித்து, 2023 ஜூன் 30 அன்று தன் அச்சு நாளிதழை நிறுத்தியது. நிறுவனங்கள் தங்கள் அறிவிப்புகளை அந்த நாளிதழில் பணம் கட்டி வெளியிட வேண்டும் என்று ஆஸ்திரியாவில் இருந்த சட்ட விதியை எடுத்துவிட்டார்கள். அந்த வருமானம் போனதும் அச்சும் போனது. அதற்கு முந்தைய நாள் வரை அங்கே வேலை பார்த்தவர்களின் திறமை ஒரே இரவில் குறைந்துவிடவில்லையே!

அதே புயலில் வேறு மாதிரி நின்றவர்களும் உண்டு. நார்வேயின் ஷிப்ஸ்டெட் நிறுவனம் நாளிதழ்களை நடத்திக்கொண்டிருந்தபோதே, 2000இல் ‘ஃபின்’ என்ற இணைய வரி விளம்பரத் தளத்தைத் தொடங்கிவிட்டது. தன் சொந்த நாளிதழின் விளம்பரப் பக்கத்தைத் தானே காலி செய்கிறோம் என்று தெரிந்தே செய்தார்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போவதற்குப் பதில் வருமானம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. இந்தத் துணிச்சல் பல முதலாளிகளுக்கு வரவில்லை. அந்தத் தயக்கத்துக்கான விலையைச் செய்தி அறைகள் இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

வருமானத்துக்குப் பிறகு கைவிட்டுப் போனது வழி. முன்பு அச்சகத்திலிருந்து வாசகரின் வாசல் வரை போகும் வழி நாளிதழிடமே இருந்தது. பிறகு அந்த வழி தேடுபொறிக்கும் சமூக வலைத்தளத்துக்கும் போனது. வீடியோ கற்றுக்கொள் என்று உங்களிடம் சொல்கிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். 2015, 2016 வாக்கில் ஃபேஸ்புக் வீடியோவுக்கு முன்னுரிமை கொடுத்தது. பல செய்தி நிறுவனங்கள் எழுதுகிறவர்களை அனுப்பிவிட்டு வீடியோ ஆட்களை எடுத்தன. 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது: மூன்று வினாடிக்கு மேல் பார்த்தவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டதால், வீடியோவை மக்கள் பார்க்கும் சராசரி நேரத்தை இரண்டு வருடமாக மிக அதிகமாகக் காட்டியிருந்தது. இப்படி மிகைப்படுத்தியது 60 முதல் 80 சதவீதம் வரை என்று விளம்பர நிறுவனங்களுக்குச் சொல்லப்பட்டது. 2018 ஜனவரியில் நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கு முன்னுரிமை தந்து செய்தி நிறுவனங்களைக் கீழே தள்ளியது. 2023 ஆகஸ்டிலிருந்து கனடாவில் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தியே கிடையாது. செய்திக்குப் பணம் தர வேண்டும் என்று அங்கே சட்டம் வந்ததற்கு, இந்த இரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் பதில் அது.

இந்த வழியை நம்பியே வளர்ந்த பஸ்ஃபீட் நிறுவனத்தின் செய்திப் பிரிவு 2021இல் அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் உயர்ந்த விருதான புலிட்சர் பரிசு வாங்கியது, 2023இல் மூடப்பட்டது. பரிசு வாங்கும் தரத்தில் வேலை செய்தவர்களைக்கூட அந்த வருமான ஏற்பாட்டால் காப்பாற்ற முடியவில்லை. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் வலிக்கும் இடம் இதுதான்.

சரி, உங்கள் இருபது செய்திக்கு வருவோம். அந்த எண்ணிக்கை உங்கள் செய்தி ஆசிரியரின் பிடிவாதத்திலிருந்து வரவில்லை. ஒருவர் உங்கள் தளத்தில் ஒரு செய்தியைத் திறக்கிறார். பக்கம் முழுதாக விரிவதற்குள், கண் இமைக்கும் நேரத்தில், அந்த விளம்பர இடத்துக்கு ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. அவர் எந்த மாதிரி ஆள், முன்பு எதைத் தேடினார் என்பதை வைத்து இயந்திரங்கள் விலை கேட்கின்றன. அவர் எந்தச் செய்தியைப் படிக்கிறார், அதை யார் எத்தனை மணி நேரம் உழைத்துத் திருத்தினார் என்பதெல்லாம் அந்த விலையில் பெரிதாகச் சேராது. விளம்பரதாரருக்கும் உங்களுக்கும் நடுவில் பல கைகள். பிரிட்டிஷ் விளம்பரதாரர் அமைப்பான இஸ்பா, பிடபிள்யூசி என்ற தணிக்கை நிறுவனத்தை வைத்து 2020இல் இந்தப் பணத்தின் பாதையைத் தடம் பிடித்தது. விளம்பரதாரர் செலவிட்டதில் 51 சதவீதம்தான் பதிப்பாளர் கைக்கு வந்தது. 15 சதவீதம் எங்கே போனது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. சில வருடம் கழித்து மறுபடியும் பார்த்தபோது நிலைமை மேம்பட்டிருந்தது என்றாலும், ஏலத்தின் அடிப்படை மாறவில்லை. ஒரு பார்வைக்குக் கிடைப்பது மிகச் சிறிய தொகை. அதில் சம்பளம் கொடுக்க வேண்டுமென்றால் பார்வைகள் மலைபோலக் குவிய வேண்டும். இருபது செய்தி என்ற இலக்கு அங்கேதான் பிறக்கிறது.

இப்போது அந்த ஏற்பாட்டின் மேலேயே அடி விழுகிறது. கூகுள் 2024 மே மாதம் அமெரிக்காவில் தேடல் முடிவுகளுக்கு மேலே ஏஐ சுருக்கங்களைக் காட்ட ஆரம்பித்தது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2025இல் வெளியிட்ட கணக்குப்படி, அந்தச் சுருக்கம் வந்த தேடல்களில் 8 சதவீதத்தில்தான் மக்கள் ஏதாவது ஒரு தேடல் முடிவைத் திறந்தார்கள். சுருக்கம் இல்லாத தேடல்களில் அது 15 சதவீதம். பதில் மேலேயே கிடைத்துவிட்டால் யார் உள்ளே வருவார்கள்? செய்தி ஏஜென்சி எல்லோருக்கும் அனுப்பும் செய்தியைக் கொஞ்சம் மாற்றி எழுதி, ‘எத்தனை மணிக்கு’, ‘எப்படி விண்ணப்பிப்பது’ என்று தலைப்புப் போட்டு, தேடுபொறியிலிருந்து வரும் கூட்டத்தை நம்பி ஓடும் வேலைதான் முதலில் போகும். உங்களை வருத்தப்பட வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் ஷிஃப்ட்டில் அந்த மாதிரி வேலை எவ்வளவு என்று நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாசகரிடம் பணம் வாங்கும் வழிக்கு வருகிறேன். நியூயார்க் டைம்ஸ் 2011இல் இணையத்துக்குக் கட்டணம் வைத்தபோது நகைத்தவர்கள் உண்டு. 2023 முடிவதற்குள் அதன் சந்தாதாரர்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டார்கள். ஆனால் அது செய்தியை மட்டும் விற்று வந்த எண்ணிக்கை இல்லை. புதிர் விளையாட்டு, சமையல், விளையாட்டுச் செய்தி, பொருள் பரிந்துரை என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டித் தருகிறார்கள். பழைய நாளிதழ் செய்ததும் இதைத்தானே? பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் இணையத்துக்குக் கட்டணம் வைக்காமல், படிப்பவர்களிடம் விருப்பத் தொகை கேட்டு வாங்குகிறது. பிரான்ஸின் ‘மீடியாபார்’ 2008இல் தொடங்கிய நாள் முதல் விளம்பரமே வாங்காமல் சந்தாவை மட்டும் நம்பி, புலனாய்வுச் செய்தியால் நிற்கிறது. டென்மார்க்கில் ‘செட்லாண்ட்’ தன் கட்டுரைகளை ஒலி வடிவிலும் தருகிறது. அதன் உறுப்பினர்கள் பெரும்பாலும் படிப்பதில்லை, கேட்கிறார்கள்.

இதைப் பார்த்துவிட்டு வாசகர்கள் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பத்திரிகைத் துறையை ஆராயும் ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் 2025 அறிக்கைப்படி, வசதியான 20 நாடுகளில் இணையச் செய்திக்குப் பணம் கொடுப்பவர்கள் 18 சதவீதம். செய்தியைச் சில நேரமோ அடிக்கடியோ வேண்டுமென்றே தவிர்ப்பதாகச் சொன்னவர்கள், எல்லா நாடுகளையும் சேர்த்து, 40 சதவீதம். ஆகவே இது சின்ன சந்தை, போட்டி கடுமை. ஆனாலும் உங்களுக்கு இங்கே ஒரு சாதகம் இருக்கிறது. சந்தா கட்டியவர் எந்த நிமிடமும் ரத்து செய்யலாம். ஒரு தப்பான செய்தி, ஒரு ஏமாற்றுத் தலைப்பு, அரைகுறையாக மாற்றி எழுதிய ஏஜென்சி செய்தி, இவை அவரை விரட்டிவிடும். பார்வையை எண்ணும் இடத்தில் டெஸ்க் ஒரு செலவு. சந்தாவை எண்ணும் இடத்தில் டெஸ்க் வருமானத்தைக் காக்கும் காவல்.

உங்கள் நிறுவனம் எந்தப் பக்கம் போகிறது என்பதை நிர்வாகத்தின் அறிவிப்பிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. எல்லா நிறுவனமும் ‘தரம்தான் முதலில்’ என்றுதான் சொல்லும். காலைக் கூட்டத்தில் திரையில் எந்த எண் ஓடுகிறது என்று பாருங்கள். நேற்றைய பார்வைகள் மட்டும்தானா, அல்லது திரும்பத் திரும்ப வருகிறவர்கள், பதிவு செய்துகொண்டவர்கள், சந்தாவை நிறுத்தியவர்கள் என்ற எண்களும் பேசப்படுகின்றனவா? யாருக்குப் பாராட்டு கிடைக்கிறது? மூன்று நாள் அலைந்து ஒரு செய்தி கொண்டுவந்த நிருபருக்கா, வைரல் வீடியோவை முதலில் எடுத்துப் போட்டவருக்கா? சந்தா பிரிவு என்று ஒன்று இருந்தால் அங்கே ஒரு ஆளிடம் பேசுங்கள். எந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஆட்கள் பணம் கட்டினார்கள் என்று அவருக்குத் தெரியும். டெஸ்கில் பெரும்பாலும் யாரும் அவரிடம் கேட்பதே இல்லை. கடைசியாக, செய்தி ஆசிரியரிடம் நேராகவே கேளுங்கள்: ‘அடுத்த வருடம் நம் வருமானத்தில் வாசகர் பங்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று திட்டம் இருக்கிறதா?’ தெளிவான பதில் வந்தால் நல்லது. மழுப்பினால் அதுவும் ஒரு பதில்.

ஏஐ கருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உங்களுக்குப் பயம் தருவது அது, எனக்கு நம்பிக்கை தருவதும் அதுதான்.

ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். நிருபர் கொடுத்த பிரதி இப்படி இருக்கிறது: ‘நிதி முறைகேடு புகார் தொடர்பாக அதிகாரியிடம் போலீசார் விசாரித்தனர். நிறுவனத்தின் பணத்தை அவர் உறவினரின் கணக்குக்கு மாற்றியதாகப் புகார் மனுவில் கூறப்பட்டுள்ளது. இதை அவர் மறுத்துள்ளார்.’ கருவி தரும் தலைப்பு: ‘நிறுவனப் பணத்தை உறவினர் கணக்குக்கு மாற்றிய அதிகாரி: போலீசார் விசாரணை.’ பிழையில்லாத தமிழ். அளவும் கச்சிதம். வேகமாகப் பார்த்தால் ஓகே செய்துவிடுவீர்கள். ஆனால் ‘புகார் மனுவில் கூறப்பட்டுள்ளது’ காணாமல் போய்விட்டது. மறுப்பும் போய்விட்டது. குற்றச்சாட்டு உண்மையாகிவிட்டது. நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தால் அது கருவியின் பெயருக்கு வராது. இதே போலத்தான் நீதிமன்றம் ஒரு உத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது என்று பிரதியில் இருக்கும்; சுருக்கத்தில் உத்தரவு ரத்தானது என்று வந்து நிற்கும். சுருக்கச் சொன்னால் கருவி சுருக்குகிறது. சுருக்கும்போது முதலில் உதிர்வது ‘யார் சொன்னது’ என்பதுதான். சரளமாக இருப்பதால் இந்தத் தவறு கண்ணில் படாது. இதைப் பிடிக்க 17 வருடம் டெஸ்கில் உட்கார்ந்த கண் வேண்டும்.

இது பெரிய இடங்களிலும் நடந்த கதைதான். சிநெட் என்ற அமெரிக்கத் தொழில்நுட்பச் செய்தித் தளம் 2022 கடைசியிலிருந்து கருவி எழுதிய பணம் சார்ந்த விளக்கக் கட்டுரைகளை வெளியிட்டது. 2023 ஜனவரியில் திரும்பிப் பார்த்தபோது, 77 கட்டுரைகளில் 41க்குத் திருத்தம் போட வேண்டியிருந்தது. மாறாக, அசோசியேட்டட் பிரஸ் செய்தி ஏஜென்சி 2014 முதல் நிறுவனங்களின் காலாண்டு லாப நட்டச் செய்திகளை இயந்திரத்தை வைத்தே எழுதுகிறது. எண்கள் ஒரே வடிவில் வரும் இடம் அது, அதனால் பொருந்துகிறது. எந்த வேலையைக் கருவியிடம் கொடுக்கலாம், எதைக் கூடாது என்று பிரித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஆளாக நீங்கள் ஆகலாம்.

எப்படி என்றால், நாளையிலிருந்து ஒரு மாதத்துக்கு ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். கருவி தந்த தலைப்பு அல்லது சுருக்கம், பிரதியில் இருந்தது, நீங்கள் திருத்தியது, அப்படியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு வரி. மாதக் கடைசியில் அதை வகை பிரித்துப் பாருங்கள். யார் சொன்னது என்பது விழுந்தவை, எண் மாறியவை, பெயர், பதவி தவறியவை, சட்டச் சொல் மாறியவை. கூடவே கருவி நன்றாகச் செய்தவற்றையும் நேர்மையாக எழுதுங்கள். ‘போலீஸ், நீதிமன்றச் செய்திகளில் இந்தக் கருவியின் சுருக்கம் மனிதர் பார்க்காமல் போகக் கூடாது, வானிலைக்கும் விளையாட்டு முடிவுக்கும் போகலாம்’ என்று இரண்டு பக்கத்தில் ஒரு வழிமுறை தயாராகிவிடும். புலம்பலாகப் போனால் நிர்வாகம் காது கொடுக்காது. சட்டச் சிக்கலைத் தவிர்க்கும் வழிமுறையாகப் போனால் கேட்கும்.

கற்றுக்கொள்வதைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளப் பார்த்தால் எல்லாவற்றிலும் சுமாராகத்தான் ஆவீர்கள். வீடியோ எடிட்டிங்கை விட்டுவிடுங்கள். அதில் கை ஊறினவர்கள் உங்கள் அலுவலகத்திலேயே இருப்பார்கள். எஸ்இஓவுக்கு ஒரு மதியப் பொழுது போதும். யார், எங்கே, என்ன என்று தெளிவாகச் சொல்லும் தலைப்பை நீங்கள் ஏற்கெனவே எழுதுகிறீர்கள். வாசகர் எண்களைப் படிக்க மட்டும் கற்றுக்கொள்ளுங்கள், கூட்டத்தில் எதிர்வாதம் வைக்கும் அளவுக்கு. ‘இந்தச் செய்திக்குப் பார்வை குறைவுதான், ஆனால் வந்தவர்கள் கடைசி வரை படித்திருக்கிறார்கள்’ என்று திரையைக் காட்டிச் சொல்லத் தெரிந்த உதவி ஆசிரியரின் பேச்சுக்கு மரியாதை வேறு.

நேரத்தையும் உழைப்பையும் கொட்ட ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், உங்களுக்குச் சரிபார்ப்பைச் சொல்வேன். ஒரு படம் முதலில் எப்போது எங்கே வந்தது என்று பின்னோக்கித் தேடுவது, வீடியோவில் தெரியும் கட்டடம், நிழல், பெயர்ப்பலகையை வைத்து இடத்தையும் நேரத்தையும் உறுதி செய்வது, அழிக்கப்பட்ட இணையப் பக்கத்தைக் காப்பகத்தில் எடுப்பது, அரசு ஆவணங்களையும் நிறுவனப் பதிவுகளையும் தேடுவது. 2014இல் தொடங்கிய பெலிங்கேட் குழு, எல்லோரும் பார்க்கக்கூடிய படங்களையும் வீடியோக்களையும் வைத்தே உக்ரைன் மேலே பறந்த எம்எச்17 என்ற மலேசியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்திய ஏவுகணை வாகனம் வந்த பாதையைத் தடம் பிடித்தது. 2016இல், வெளிநாட்டு நிறுவனங்களில் ஒளிக்கப்பட்ட சொத்துகளைக் காட்டிய பனாமா ஆவணங்கள் வெளிவந்தபோது 1 கோடியே 15 லட்சம் கோப்புகளை, பல நாடுகளைச் சேர்ந்த 370க்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள் ஒரே நேரத்தில் தேடிப் படித்தார்கள். நாம் தினமும் திட்டும் இதே தொழில்நுட்பம் இல்லாமல் அது நடந்திருக்காது. பொய்ப்படம் செய்வது எவ்வளவு சுலபமாகிறதோ, அவ்வளவுக்கு இந்த வேலைக்குத் தேவை கூடும். டெஸ்கில் ‘இது நிஜமா?’ என்று எல்லோரும் வந்து கேட்கும் ஆளை அனுப்புவதற்கு எந்த ஆசிரியரும் யோசிப்பார்.

மக்கள் தொடர்பு வேலையைப் பற்றி. அதைத் தரக்குறைவாக நினைக்க வேண்டாம். அங்கேயும் எல்லாம் மாறியிருக்கிறது. முன்பு நிறுவனங்கள் செய்தி அறையின் தயவை நம்பியிருந்தன. இப்போது தாங்களே வாசகரிடம் பேசுகின்றன. பானம் விற்கும் ரெட் புல் 2007இல் தனக்கென்று ஓர் ஊடக நிறுவனமே தொடங்கியது. எதை டெஸ்க் எடுக்கும், எதைத் தூக்கி எறியும் என்று தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு உண்டு. ஆனால் அது பாதுகாப்பான இடம் என்று நினைத்துப் போகாதீர்கள். பத்திரிகைக் குறிப்பு எழுதும் வேலையைக் கருவி உங்கள் டெஸ்கைவிட வேகமாக அங்கே எடுத்துக்கொண்டிருக்கிறது. அப்புறம், பணம் தருபவர் யார் என்ற கேள்வி அங்கேயும் உண்டு. அங்கே வாடிக்கையாளர்தான் தருகிறார். அவருக்குச் சங்கடமான உண்மை ஒன்று உங்களுக்குத் தெரியவந்தால் நீங்கள் அவர் பக்கம் நிற்க வேண்டும், குறைந்தது பேசாமல் இருக்க வேண்டும். இதை நிம்மதியாகச் செய்கிற நல்லவர்கள் எனக்குத் தெரியும். முடியாமல் திரும்பி வந்தவர்களையும் தெரியும். வேலையை ஒப்புக்கொள்ளும் முன் அவர்களின் வாடிக்கையாளர் பட்டியலைக் கேளுங்கள். அதில் எத்தனை பேருக்காக நீங்கள் மனசு உறுத்தாமல் எழுதுவீர்கள் என்று எண்ணுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் நாளிதழ் வாசகரின் பணத்தை நோக்கி உண்மையாகவே நகர்கிறது என்றால் ஒரு வருடம் இருங்கள். அந்தப் பட்டியலும் சரிபார்ப்புத் திறமையும் உங்களை அங்கே வேறு இடத்தில் உட்கார வைக்கும். அது பார்வைகளை மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கிறது, உங்கள் கையில் ஆறு மாத வீட்டுச் செலவுக்குக்கூடச் சேமிப்பு இல்லை என்றால், மக்கள் தொடர்பு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காக வேலை மாறுவது தொழிலுக்குத் துரோகம் இல்லை. சேமிப்பு இருக்கிறது, நிறுவனம் மட்டும்தான் சரியில்லை என்றால் அவசரப்படாமல் சந்தாவை நம்பி நடக்கும் வேறு இடங்களில் விசாரியுங்கள். வேலையில் இருந்துகொண்டே தேடுவதுதான் பலம்.

மின்னஞ்சல் மடலைப் பொறுத்தவரை, தொடங்குங்கள், ஆனால் அதை நம்பி வேலையை விடாதீர்கள். சந்தா வாங்கித் தரும் சேவைகள் வந்த பிறகு பணம் வசூலிப்பது சுலபமாகிவிட்டது. ஆனால் அதை வைத்துப் பிழைப்பு நடத்தும் அளவுக்குச் சம்பாதிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பொதுச் செய்தி வேண்டாம், அது எல்லா இடத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. 17 வருடத்தில் உங்களுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்துவிட்ட ஒரு துறை இருக்கும். நீதிமன்றமோ, உள்ளாட்சி வரவு செலவோ, பள்ளிக் கல்வியோ. இடமில்லை என்று தினமும் டெஸ்கில் வெட்டப்படும் செய்திகள் எந்தத் துறையில் அதிகம் என்று பாருங்கள், அங்கே வாசகருக்குக் கிடைக்காமல் போகும் விஷயம் நிறைய இருக்கும். வாரம் ஒரு மடல் போதும். மின்னஞ்சல் முகவரிப் பட்டியலைக் கோப்பாக இறக்கி எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் சேவையை மட்டும் தேர்ந்தெடுங்கள். சேவையின் விதி மாறினாலும் வாசகர்களோடு நீங்கள் வேறு இடத்துக்குப் போக முடியும். அலுவலகத்துக்காகத் திரட்டிய தகவலை மடலில் பயன்படுத்தாதீர்கள். முதல் மடலை அனுப்பும் முன் உங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்து, வெளியே எழுதுவது பற்றி என்ன இருக்கிறது என்று படியுங்கள். அனுமதி தேவை என்றால் வாய்வார்த்தையாக வாங்காமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.